சைக்கிள் எப்ப வரும்?

அக்கா மகளுக்குப் பள்ளியில் பேச்சுப்போட்டி. 'தடைகளைத் தாண்டிய பெண்கள்', ஐந்து நிமிடம். கல்பனா சாவ்லாவை வேறொரு பிள்ளை எடுத்துக்கொண்டதால், யாரும் தொடாத ஆளாக வேண்டும் என்றாள். நான் டெபோரா ஹெரால்டைச் சொன்னேன். அந்தமான் நிக்கோபாரிலிருந்து வந்த டிராக் சைக்கிள் வீராங்கனை. ராத்திரி ஆபீஸ் கால் முடிந்ததும் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் உரையை எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் திருப்பரங்குன்றத்தில் அக்கா வீட்டு மொட்டைமாடி. மலையைப் பார்த்தபடி மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள் மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள். "என்ன மாமா, சுனாமியே வந்துக்கிட்டு இருக்கு. சைக்கிள் எப்ப வரும்?"

தாளை வாங்கிப் பார்த்தேன். ஐந்து நிமிட உரையில் மூன்றரை நிமிடம் கடல். 2004 டிசம்பர் 26, ஒன்பது வயதுச் சிறுமி, அலை, மரம், இலைகளைத் தின்று கழிந்த நாட்கள். பிறகு ஒரே தாவல்: 'அன்று மரத்தைப் பிடித்த அந்தக் கைகள்தான் பின்னாளில் ஹேண்டில்பாரைப் பிடித்தன.' எழுதும்போது எனக்கே புல்லரித்த வரி. இப்போது படித்தால் கூசுகிறது.

இந்த அச்சு என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. டெபோராவைப் பற்றி நான் வாசித்த செய்திக் கட்டுரைகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. முதல் பத்தியில் அலை, கடைசிப் பத்தியில் பதக்கம். நடுவில் இருக்கும் பத்து வருஷம் காணாமல் போய்விடும். எங்கள் தொழிலில் இதைச் செய்தால் திட்டு விழும். சர்வர் விழுவதற்கு முன்னால் ஏதோ பெரிய சம்பவம் நடந்தது என்பதற்காக அதையே காரணம் என்று எழுதிவிட முடியாது, லாகை வரி வரியாகப் பார்க்கணும். சுனாமியில் தப்பியவர்கள் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் குளச்சலிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் சைக்கிள் வீரர்கள் ஆகிவிடவில்லை. டெபோராவை வீராங்கனையாக்கியது வேறு ஏதோ. நம் கட்டுரைகளுக்கு அந்த 'வேறு ஏதோ'வில் ஆர்வமில்லை.

அவருடைய போட்டி 500 மீட்டர் டைம் டிரையல். 250 மீட்டர் மரத்தளத்தில் இரண்டே சுற்று. சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, ஒரே கியர்தான். சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும், காலை நிறுத்தி இளைப்பாற வழியில்லை. பின்சக்கரத்தை ஒரு இயந்திரம் பிடித்துக்கொண்டிருக்கும். அது விட்ட நொடியில், அசையாமல் நிற்கும் கனமான கியரை முழு உடம்பையும் போட்டு மிதித்து எழுப்பணும். வளைவுகளில் தளம் 40 டிகிரிக்கு மேல் சுவர் மாதிரி சாய்ந்திருக்கும், வேகம் குறைந்தால் வழுக்கிவிடும். உலகின் முன்னணிப் பெண்கள் இதை 33 விநாடிக்குப் பக்கத்தில் முடித்திருக்கிறார்கள்.

உரையைத் திருத்துவதற்கு முன் தென்கால் கண்மாய்க் கரையில் என் கியர் சைக்கிளில் 500 மீட்டர் அழுத்திப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு விநாடி. இறங்கி மதகுச் சுவரில் உட்கார்ந்தவன் கால் மணி நேரம் எழவில்லை. தொடையில் தீ, வாயில் இரும்பு ருசி. 'விடாமுயற்சி' என்ற சொல்லை நாம் எவ்வளவு மலிவாக எழுதுகிறோம் என்று அங்கே உறைத்தது.

இன்னொரு உண்மையையும் எந்தக் கட்டுரையும் நிறுத்திச் சொல்வதில்லை. 2015இல் டெபோரா 500 மீட்டர் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்துக்கு வந்தார். அதுவரை இந்தியப் பெண் யாரும் எட்டாத இடம். உடனே 'ஒலிம்பிக் கனவு' என்று தலைப்புகள் வந்தன. ஆனால் தரவரிசை என்பது நேரங்களின் பட்டியல் இல்லை, போட்டிகளில் சேர்த்த புள்ளிகளின் பட்டியல். அதைவிடப் பெரிய சிக்கல், பெண்களுக்கான 500 மீட்டர் ஒலிம்பிக்கிலேயே கிடையாது. 2004 ஏதென்ஸில்தான் அது கடைசியாக நடந்தது, பிறகு பி.எம்.எக்ஸுக்கு இடம்விட்டு எடுத்துவிட்டார்கள். டெபோராவின் தீவில் அலை வந்தபோது, அவர் பிற்பாடு சிறக்கப்போகும் போட்டி ஒலிம்பிக்கில் கடைசியாக நடந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ரியோவுக்குப் போக ஸ்பிரின்ட், கெய்ரின் மாதிரி வேறு போட்டிகளில் தகுதி பெற வேண்டியிருந்தது. அது நடக்கவில்லை. ஒரு விளையாட்டு வாழ்க்கையின் நிஜமான நாடகம் இதில் இருக்கிறது. ஆனால் இதில் வில்லன் ஒரு நிர்வாகத் தீர்மானம், அது அலை மாதிரி படமாகத் தெரியாது.

2022இல் ஸ்லோவேனியா பயிற்சி முகாமிலிருந்து ஒரு வீராங்கனை தலைமைப் பயிற்சியாளர்மீது புகார் கொடுத்தார். அணி திரும்ப அழைக்கப்பட்டது, பயிற்சியாளரின் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. அதையொட்டி டெபோராவும் முகாமில் தான் நடத்தப்பட்ட விதத்தையும் அணியிலிருந்து விலக்கப்பட்டதையும் பற்றி வெளியே பேசினார். அந்தச் செய்தி சில நாட்கள் ஓடியது. அவர் அதற்கு முன் பலமுறை சொன்ன சுனாமிக் கதைக்குக் கிடைத்த கண்ணீர் இதற்குக் கிடைக்கவில்லை. இயற்கை செய்த கொடுமை என்றால் நாம் எல்லோரும் ஒரே பக்கம் நின்றுகொள்ளலாம். அமைப்பு செய்ததாக ஒருவர் சொன்னால், யார் பக்கம் என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நமக்குப் பிடித்த வீராங்கனை, கடலை மட்டும் குறை சொல்பவர்.

சைக்கிளை நன்றாக எழுத முடியாதென்று இல்லை. புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் கற்றதைப் பற்றி பி. சாய்நாத் எழுதியது நினைவுக்கு வருகிறது. அங்கேயும் சைக்கிள் விடுதலையின் அடையாளம்தான். ஆனால் லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கியவர்கள் அதில் வருவார்கள். சைக்கிள் அங்கே இரும்பாகவே இருக்கிறது. டச்சு எழுத்தாளர் டிம் கிராபே 1978இல் எழுதிய 'தி ரைடர்' முழுக்க ஒரே ஒரு நாளின் ரேஸ். கிலோமீட்டர் கிலோமீட்டராக நகரும். ஓட்டுபவன் தோற்றுக்கொண்டிருக்கும்போதும் நம்மால் புத்தகத்தை வைக்க முடியாது. இரண்டு பேருமே சைக்கிளைத் தாண்டி அர்த்தத்துக்கு ஓடவில்லை.

உரையைத் திருப்பி எழுதினோம். இந்த முறை அவளும் கூட உட்கார்ந்தாள். சுனாமி நாலு வரி. அது நடந்தது, மறைக்கத் தேவையில்லை. மீதி எல்லாம் இரண்டு சுற்று, ஒலிம்பிக்கில் இல்லாத போட்டி, வெளியே பேசிய பெண். அந்தக் 'கைகள்' வரியை அவளே பேனாவால் அடித்தாள்.

பரிசு கிடைக்கவில்லை. நடுவர், சுனாமியை இன்னும் உருக்கமாகச் சொல்லியிருக்கலாம் என்றாராம். திரும்பி வரும் வழியில் கேட்டேன், வருத்தமா என்று.

"இல்ல மாமா. பிரேக் இல்லாம எப்டி நிறுத்துவாங்கன்னு என் ஃபிரெண்டுங்க மூணு பேர் வந்து கேட்டாளுங்க."