எட்டுச் செல்லும் எண்ணெயும்

மருந்துக்கு வரும் சேஜ் இலை மெய்யான சரக்குத்தானா என்று அறியச் சூக்ஷ்மதர்சினி ஒன்றே போதும், ரசாயன சோதனையெல்லாம் வீண் ஆடம்பரம் என்று, தாவரவியல் போதிக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் சபை நடுவே வாதாடினார். கரகோஷமும் பலமாகவே எழுந்தது. இலையைப் பொடித்து, வடிவும் விளிம்பும் அழிந்த பிறகும், ஒரு சிட்டிகைத் தூளைக் கொண்டு அந்நியச் சருகைக் கண்டுபிடிக்கும் வித்தையை இகழ எனக்கு மனமில்லை. காட்சியும் அழகானதே: செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நீண்ட உரோமங்கள், அவற்றினிடையே, எட்டுச் செல்கள் வட்டமிட்டு அமர்ந்த சுரப்பித் தலைகள், அத்தலைகளின் மேற்படலம் குமிழிபோல் எழும்ப, அதனடியில் தேங்கும் வாசனை எண்ணெய்.

ஆயினும் லின்னேயஸ் 1753-இல் சால்வியா அஃபிசினாலிஸ் என்று பெயர்சூட்டிய சேஜ் செடிக்கே உரியவையாக இந்த லக்ஷணங்களைப் பேசுவது எப்படிப் பொருந்தும்? இலைத்துளையை இரண்டு துணைச்செல்கள் குறுக்காகத் தழுவி நிற்பது நம் வீட்டுத் துளசியிலும் உண்டு; எட்டுச் செல் சுரப்பி புதினாவிலும் உண்டு. இவற்றைக் கண்டு செடியின் பெயரைச் சொல்வது, நெற்றி நாமத்தைக் கண்டு ஆளின் பெயரைச் சொல்வது போலத்தான். மெய்யான சேஜுக்குப் பதிலாகச் சந்தைக்கு வரும் கிரேக்க சேஜின் எண்ணெயில் சினியோல் மிகுதி, மெய்யான சேஜின் எண்ணெயில் துஜோன் மிகுதி. பேதம் பளிச்சென்று தெரிவது அங்கேதான். உரோமத்தின் நெருக்கத்தை எண்ணிப் பிரித்துவிடலாம் என்பாரும் உளர். தளிரில் நெருங்கி நிற்பவை இலை விரிய விரிய விலகிப்போவதை அவர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள். ஐரோப்பிய மருந்துநூல் நுண்ணமைப்பை வர்ணித்ததோடு நில்லாமல், எண்ணெயின் அளவையும் கேட்பது காரணமின்றியா?

என் நெடுநாளைய ஆட்சேபம் இதனினும் பெரிது. தூளைத் தெளிவாக்க அதனைக் குளோரல் ஹைட்ரேட் கரைசலில் இட்டு, விளக்கில் காட்டிச் சூடேற்றுவது வழக்கம். அக்கரைசலோ பச்சையத்தையும் மாவையும் கரைப்பதுபோலவே வாசனை எண்ணெயையும் கரைத்துவிடும். மருந்தைக் கழுவிக் கொட்டிவிட்டுப் பாத்திரத்துக்கு நற்சான்று எழுதும் இந்தக் காரியத்தைத்தான் பரிபூரண பரீக்ஷை என்கிறார்கள். நண்பர் பெருமையுடன் காட்டிய கண்ணாடிச் சில்லில் செல்களை எண்ணினேன், எட்டும் இருந்தன. எண்ணெய் கரைசலில் போயிற்றா, வியாபாரி முன்னமே வடித்துக்கொண்டானா என்று கேட்டேன். அவர் திருகாணியைத் திருப்பி, இன்னொரு சுரப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.