தானம் தந்த நிலமும் தராத உரிமையும்

1951ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி, தெலங்கானாவின் போச்சம்பள்ளிக் கிராமத்தில், பிழைப்புக்கு 80 ஏக்கர் நிலம் வேண்டுமென்று தாழ்த்தப்பட்ட குடும்பத்தார் ஆசாரிய விநோபா பாவேயிடம் முறையிட, கூட்டத்தில் இருந்த ராமச்சந்திர ரெட்டி என்னும் நிலக்கிழார் எழுந்து 100 ஏக்கர் தருவதாக வாக்களித்தார். பூதான இயக்கம் பிறந்தது. நிலத்தின் பொருட்டு ஆயுதப் போராட்டம் மூண்டு குருதி சிந்திய பிரதேசத்தில், கேட்ட மாத்திரத்தில் ஒருவர் நிலம் ஈந்தது சாமானியமான காரியம் அன்று.

ஐந்து புதல்வர் உள்ள வீட்டில் தம்மை ஆறாவது புதல்வராகக் கொண்டு ஆறில் ஒரு பங்கு தருமாறு வேண்டியபடி, ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக நடந்த விநோபா, நிலமில்லாதவனின் துயரத்தை நிலமுள்ளவனின் மனச்சாட்சிக்கு முன் கொண்டுவந்து நிறுத்தினார். எந்தச் சட்டமும் செய்யவியலாத அந்தத் தொண்டை மறுப்பவர் நன்றி கொன்றவர் ஆவார்.

ஆயினும், 1957க்குள் 5 கோடி ஏக்கர் என்று சங்கற்பம் செய்துகொண்ட இயக்கத்துக்குக் கிடைத்தது 40 லட்சத்துக்குச் சற்று மேல்தான். அதிலும் கணிசமான பகுதி கல்லாங்காடாகவோ, வழக்கில் கிடந்ததாகவோ இருந்தது. நல்ல நிலம் பெற்றவனுக்கும் உழ மாடில்லை, விதைக்க நெல்லில்லை. தானப்பத்திரம் எழுதியாகியும் பட்டா கைக்கு வராதவர் பலர். எதைத் தருவது, எவ்வளவு தருவது, எப்போது தருவது என்னும் மூன்றையும் தீர்மானிக்கும் அதிகாரம் கொடுப்பவரிடமே நின்றுவிட்டதால், பெறுபவனுக்கு நன்றி கூற வாயிருந்ததேயன்றி, வழக்காட வழியிருக்கவில்லை.

சத்திரங்களுக்கும் அன்னதானத்துக்கும் பேர்போன தஞ்சைத் தரணியைப் பாருங்கள். பசித்து வந்த வழிப்போக்கனுக்கு இலை போட்ட அந்த மண்ணில்தான், கூலியாக இன்னும் சிறிது நெல் கேட்டுச் சங்கமாய்த் திரண்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் தீக்கிரையாயினர். கையேந்தியவனுக்கு இரங்கிய சமூகம், உழைப்புக்கு உரியதைக் கேட்டவனைப் பொறுக்கவில்லை. ஈகை எங்கே முடிந்துபோகிறது என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சியம் வேண்டுவதில்லை.

1961இல் சென்னை ராஜ்யத்தில் 30 தர ஏக்கர் என்று விதிக்கப்பட்டுப் பின்னர் 15 ஆகக் குறைக்கப்பட்ட நில உச்சவரம்பிலும் ஓட்டைகள் உண்டு; விலக்குகளும் பினாமிப் பெயர்களும் அதைப் பெரிதும் அரித்தன. எனினும், சட்டம் மீறப்பட்டால் ஏழை அதைச் சுட்டி நியாயம் கேட்கலாம். தானம் மறுக்கப்பட்டால் யாரிடம் போய்க் கேட்பான்?

ஆகவே, கொடுக்கும் மனமுடையோர் தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால், தம் வயலில் உழைப்பவனுக்கு நியாயமான கூலியையும், நிலத்தைப் பகிர்ந்தளிக்கும் சட்டத்துக்குத் தம் சம்மதத்தையும் முதலில் தரட்டும். அவ்விரண்டையும் மறுத்துவிட்டுச் செய்யும் தர்மம், அநீதிக்குக் கொடுக்கும் அவகாசமே ஆகும்.