முயலுக்கு மான் கால்

மனிதன் மறைந்து ஐந்து கோடி ஆண்டுகளுக்குப் பிறகு எந்தெந்த விலங்குகள் வாழும்? ஸ்காட்லாந்து எழுத்தாளர் டூகல் டிக்சன் 1981-இல் வெளியிட்ட ‘ஆஃப்டர் மேன்’ இந்தக் கேள்விக்குப் படங்களோடு விடை சொன்ன நூல். அதில் வரும் ‘ராபக்’ முயலின் வழித்தோன்றல். மான்கள் அருகிப்போன நிலத்தில் அவற்றின் மேய்ச்சலை அது பிடித்துக்கொள்கிறது. தலை முயலுடையது, உடலும் குளம்புக் கால்களும் மானுடையவை. கற்பனைப் பரிணாமம் என்னும் கலையின் பலத்தையும் பலவீனத்தையும் இந்த ஒரு பிராணியிலேயே பார்த்துவிடலாம். காலி இடத்தை யார் நிரப்புவார் என்பதற்கு டிக்சன் தரும் விடை வலுவானது. நிரப்புகிறவர் எப்படி இருப்பார் என்பதில்தான் அவர் சறுக்குகிறார்.

வலுவை முதலில் பார்ப்போம். மெனோர்கா தீவில் பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நியூராலாகஸ் என்ற முயல் சுமார் 12 கிலோ எடைக்கு வளர்ந்தது. துள்ளும் திறனையும் இழந்தது. முயல் இனங்கள் உருவில் பெரிதாகாமல் போனதற்குக் குளம்பு விலங்குகளின் போட்டி முக்கியக் காரணமாகலாம் என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு வாதிட்டது. போட்டியாளர் விலகினால் முயல் வளரும் என்ற டிக்சனின் ஊகத்துக்கு நாற்பது ஆண்டு கழித்துக் கிடைத்த ஆதரவு இது.

ஆனால் வளர்வது வேறு, மானாவது வேறு. ஐரோப்பிய முயலின் குட்டி கண் திறக்காமல், மயிர் இல்லாமல் வளைக்குள் பிறக்கிறது. திறந்த வெளியில் ஓடித் தப்பவேண்டிய விலங்குக்கு இது கட்டுப்படியாகாது. ஆகவே காலுக்கு முன்பே கருப்பையில் மாற்றம் நடந்தாக வேண்டும். பிறந்தவுடன் ஓடத் தயாராகும் குழிமுயலே மூதாதையாகப் பொருத்தமாக இருந்திருக்கும். செரிமானமும் அப்படித்தான். மான் அசைபோடுகிறது, முயல் தன் மென்மையான புழுக்கையையே மறுபடி தின்று சத்தை எடுக்கிறது. ஐம்பது கிலோ தாண்டும் கேப்பிபாராவும் இதைச் செய்வதால், பெரிய முயலுக்கும் இது இயலும். அந்த வழக்கத்தைச் சுமந்த மேய்ச்சல் விலங்கு ராபக்கைவிடப் புதுமையானதாக இருக்கும்.

அர்ஜென்டினாவின் மாரா கொறிணிதான் என்றாலும் தொலைவில் சிறு மானாகவே தெரிகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மான் சாயல் அதன் காலோடு நிற்கிறது. பல ஜோடிகளின் குட்டிகள் ஒரே வளையில் வளரும் அதன் குடும்ப வாழ்க்கை எந்த மானிடமும் இல்லாதது. நியூசிலாந்தில் இலைதழை தின்னும் பெரிய விலங்கின் இடத்தை மோவா என்ற பறவை பிடித்தது. இரண்டு காலோடும் அலகோடும் பறவையாகவே அது வாழ்ந்தது. ஒரே தொழில் ஒரே உருவத்தைத் தந்துவிடுவதில்லை.

கலைப்படைப்பை ஆய்வகத் தராசில் நிறுத்தலாமா என்பது அடுத்த மறுப்பு. ‘எதிர்கால விலங்கியல்’ என்று துணைத்தலைப்பு சூட்டிக்கொண்ட நூல் அந்தத் தராசைத் தானே கேட்டு வாங்குகிறது. காரணகாரியத்தோடு கனவு காண ஒரு தலைமுறைக்கே கற்றுத்தந்த பெருமை டிக்சனுடையது. அவர் வழியில் வருகிறவர்கள் காலி இடத்தைக் கணக்கிடுவதோடு நிற்காமல், மூதாதை விட்டுச்சென்ற உடலின் கட்டுப்பாடுகளையும் கணக்கில் சேர்த்தால், தெரிந்த விலங்கின் நகல்களுக்குப் பதில் புதிய விலங்குகள் நமக்குக் கிடைக்கும்.