மாவட்ட எல்லையும் தெரு எல்லையும்: கீரனூர் ஜாகிர்ராஜாவின் இரு புதினங்கள்

பழனி வட்டத்தின் வடபகுதியில், திருப்பூர் மாவட்ட எல்லைக்கு அண்மையில் அமைந்த பேரூர் கீரனூர். புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூரோடு இதனை மயங்கக்கொள்ளுதல் ஆகாது. இவ்வூர்ப்பெயரைத் தம் பெயரில் தாங்கிய ஜாகிர்ராஜாவின் மீன்காரத்தெரு, கருத்த லெப்பை ஆகிய புதினங்களைத் திண்டுக்கல் மாவட்ட வட்டாரப் புதினங்கள் என வகைப்படுத்துவது எளிது. ஆனால் அவ்வகைப்பாடு ஆய்வுக்குப் போதுமானதன்று.

திண்டுக்கல் மாவட்டம் மதுரையினின்று பிரிந்தது 1985இல். பழனிப் பகுதிக்கும் தாராபுரப் பகுதிக்கும் இடையிலான எல்லையோ அதனினும் பழையது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கும்பினியார் வசமாயிற்று; தாராபுரம் 1799 வரை திப்பு சுல்தானின் ஆட்சியில் நீடித்தது. ஏழாண்டுக் காலம் இரு அரசுகளின் எல்லையாயிருந்த அப்பகுதி பின்னர் இரு மாவட்டங்களின் எல்லையாயிற்று. கோயம்புத்தூரைச் சார்ந்திருந்த தாராபுரம் 1979இல் பெரியார் மாவட்டத்தில் சேர்ந்தது. அம்மாவட்டம் ஈரோடு எனப் பெயர் மாறிற்று. 2009இல் தாராபுரம் திருப்பூருக்குரியதாயிற்று. சமய ஆட்சி எல்லைகள் வேறு கணக்கில் இயங்கின. மதுரை மாவட்டத்திலிருந்த திண்டுக்கல், கத்தோலிக்கத் திருச்சபையைப் பொறுத்தவரை திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தைச் சார்ந்திருந்தது. தனி மறைமாவட்டமானது 2003இல்தான். ஆகவே மாவட்டம் என்னும் அலகைப் பண்பாட்டு அலகாகக் கொள்வதற்கு வரலாற்றுச் சான்று வலுவாக இல்லை.

புதினங்களுக்குள் முதன்மை பெறும் எல்லை வேறு. மீன்காரத்தெருவில் உழைத்துப் பிழைக்கும் எளிய இசுலாமியரின் வாழ்வு, அதே சமயத்தைச் சார்ந்த செல்வர்களின் வாழ்விலிருந்து தெருவால் பிரிக்கப்படுகிறது. கருத்த லெப்பையில் இராவுத்தர், லெப்பை என்னும் உட்பிரிவுகளின் ஏற்றத்தாழ்வு கதைக்களமாகிறது. இங்கு 'இசுலாமியப் புதினம்' என்னும் இரண்டாவது வகைப்பாடும் தடுமாறுகிறது. ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுவோரைத் தெருவும் மணவுறவும் பிரிக்கும்போது, சமயப்பெயர் அப்பிரிவை மறைத்துவிடுகிறது. புதினங்கள் வெளிக்கொணர முயல்வதும் அதனையே.

எனினும் புனைவின் தெருவை ஊரின் ஒரு குறிப்பிட்ட தெருவோடு பொருத்திக் காட்டுவது இன்னொரு பிழையாகும். அது விமரிசனத்தை முகவரி தேடும் வேலையாக்கிவிடும். வட்டார வழக்கை ஆராய்வோர்க்கு வேறொரு பணி உண்டு. இப்புதினங்களின் உரையாடல் மொழியை மதுரைப் பக்கத்துப் பேச்சோடு மட்டும் ஒப்பிடாமல், எல்லைக்கப்பாலுள்ள தாராபுரம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளின் இராவுத்தர் பேச்சோடும் ஒப்பிடல் வேண்டும். மாவட்டவாரியாகத் தொகுக்கப்படும் சொல்லகராதிகளில் அவ்வொப்பீட்டுக்கு இடமில்லை.