அவர் வந்தார், அவள் இருந்தாள்

பாலியல் தொழிலாளியிடம் ஒருவர் பேசும் முதல் வார்த்தையிலேயே தமிழில் பாதி விஷயம் தெரிந்துவிடும். விலை பேசுவதற்கு முன்பே 'நீ'யா 'நீங்க'ளா என்று முடிவெடுத்தாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஒரு 'யூ'வைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். நம்ம ஊர் வினைச்சொல்லின் வால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பாத்திரத்தை மட்டுமா? கதைசொல்லியையும்தான். வந்தவர் 'அவர்', இருந்தவள் 'அவள்' என்று நம் கதைகள் எத்தனை முறை எழுதியிருக்கின்றன! அதைப் படிக்கும்போது நமக்கு எதுவும் உறுத்துவதில்லை.

ஜி. நாகராஜனின் ஒரு கதைக்கு 'டெர்லின் ஷர்ட்டும் எட்டு முழ வேட்டியும் அணிந்த மனிதர்' என்று பெயர். தலைப்பிலேயே அந்த 'அர்' விகுதி வந்துவிடுகிறது. விடுதிக்கு வரும் ஒருவரைப் பற்றிய கதை. நாகராஜன் அவருக்குப் பெயர் கொடுக்கவில்லை. துணியைச் சொல்கிறார், மரியாதையைச் சொல்கிறார், அவ்வளவுதான். அந்த அறையில் வழக்கமாகக் கேட்கும் குரல்களுக்கு நடுவே இவர் பேச்சு மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. ஆனால் அப்படி ஒருவர் உண்மையில் வந்தாரா என்பதையே கதை கடைசியில் சந்தேகத்துக்கு உரியதாக ஆக்கிவிடுகிறது.

இதை மனிதநேயக் கதை என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அத்தனை ஆறுதலாகப் படவில்லை. மரியாதையாகப் பேசும் வாடிக்கையாளரை அந்தச் சூழலில் வைக்க வேண்டுமென்றால் அவரை ஏறக்குறைய ஒரு பிரமையாக்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப் புனைகதையில் நான் படித்ததிலேயே நாகரிகமான வாடிக்கையாளர் அவர்தான், அவரும் இருந்தாரா இல்லையா தெரியாது. மதுரைச் சந்துகளை அவ்வளவு நெருக்கமாக அறிந்த எழுத்தாளரின் கணக்கு இது என்பதால் இதைக் கவனமாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

1963இல் வந்த 'குறத்தி முடுக்கு' நாவலில் அதே நாகராஜன் வேறு வழியில் போகிறார். கதை சொல்பவனே வாடிக்கையாளன். தங்கத்தின் மேல் அவனுக்குக் காதல் வருகிறது. எனக்குப் பிடித்த நாவல், பலமுறை படித்திருக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி கூடவே வருகிறது. நல்ல வாடிக்கையாளன் என்றால் அவன் காதலனாக வேண்டும், இல்லாவிட்டால் மீட்பனாக வேண்டும், ஏன்? பேசிய பணத்தைக் கொடுத்து, பேசிய நேரம் இருந்து, 'வரேங்க' என்று சொல்லிவிட்டுப் போகிற சாதாரண ஆளை எழுத நம்மிடம் ஏன் கதை இல்லை? காதலிக்கிற அளவுக்கு உயர்த்தினால்தான் ஒரு பெண்ணை மரியாதையாக நடத்த முடியும் என்றால், காதலிக்கப்படாத மற்ற பெண்களின் கதி என்ன? அந்த முடுக்கில் தங்கம் மட்டும் இல்லையே.

இந்த இடத்தில்தான் நளினி ஜமீலா எனக்கு முக்கியமானவர். மலையாளத்தில் 2005இல் வந்த அவருடைய தன்வரலாறு தமிழிலும் கிடைக்கிறது. முதலில் வேறொருவர் உதவியோடு வெளியான வடிவத்தில் தன் குரல் இல்லை என்று அவருக்குப் பட்டது, திரும்ப எழுதி வெளியிட்டார். தன்னைப் பற்றிய புத்தகத்திலேயே 'இது நான் பேசுற மாதிரி இல்லை' என்று மறுக்க முடிந்த ஆள் என்பதை மனசில் வைத்துக்கொண்டு அவர் தொழிலுக்கு வந்த முதல் இரவைப் படிக்க வேண்டும். திருச்சூரில் ஒரு விருந்தினர் மாளிகை, வந்தவர் காவல்துறை அதிகாரி. இரவில் அன்பாகத்தான் நடந்துகொள்கிறார். காலையில் வெளியே வந்தவரைப் போலீஸ் பிடிக்கிறது, அடி விழுகிறது. பிடித்துக் கொடுத்தது அந்த அதிகாரியேதான் என்று அவருக்குத் தெரியவருகிறது.

இதைப் படித்த பிறகு கதைகளில் வரும் இனிமையான பேச்சை என்னால் பழைய மாதிரி நம்ப முடியவில்லை. அந்த அதிகாரி அறைக்குள் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார். கதவுக்கு வெளியே அந்தப் பேச்சு செல்லுபடியாகவில்லை. ஜமீலாவின் எழுத்தில் வாடிக்கையாளர்கள் அதன்பிறகு வரிசையாக வருகிறார்கள். தான் பழகிய ஆண்களைப் பற்றியே பின்னால் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். அவர்களை அவர் புனிதர்களாக்குவதும் இல்லை, மிருகங்களாக்குவதும் இல்லை. கேலி செய்கிறார், சிலரைப் பிடிக்கும் என்கிறார், சிலரைக் கண்டால் எரிச்சல். தொழில் தெரிந்த ஒருவர் தன்னிடம் வருகிறவர்களை எடைபோடும் தொனி அது. இந்தத் தொனியைத்தான் நம் கதைகளில் தேடி நான் ஏமாந்திருக்கிறேன்.

'எவ்ளோ நேரம்? எவ்ளோ பணம்? உறை இல்லாம முடியாது. இது சரி, அது வேணாம்.' இப்படி ஒரு உரையாடலைக் கற்பனை செய்துபாருங்கள். காவியத்தன்மை கொஞ்சமும் இல்லாத பேச்சு. ஆனால் அந்த 'வேணாம்' சொல்லப்பட்டு, கேட்கிறவர் முகம் கோணாமல் 'சரிங்க' என்றால், மொத்தக் காதல் வசனத்தைவிட அதில் மரியாதை அதிகம் என்று நினைக்கிறேன். பாதியில் மனசு மாறி 'போதும்' என்றாலும் அந்தச் சரிங்க நிற்குமா என்பதுதான் சோதனை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, தாண்டிப்போக முடியாது. கடத்திக் கொண்டுவரப்பட்டு அடைக்கப்பட்ட பெண்ணிடம் 'வாங்க, போங்க' என்று பேசி என்ன ஆகப்போகிறது? அங்கே 'வேணாம்' என்ற சொல்லுக்கே வழியில்லை. நல்ல பேச்சு அந்த இடத்தில் ஒரு திரைச்சீலை மட்டும்தான். எந்தச் சொல்லால் அழைப்பது என்பதிலேயே அரசும் தடுமாறுகிறது. பாலியல் தொழிலாளர்களைக் காவல்துறை கண்ணியமாக நடத்த வேண்டும், வார்த்தையாலும் துன்புறுத்தக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 ஆகஸ்டில் அதே நீதிமன்றத்தின் கையேடு பழைய இழிசொல்லுக்குப் பதில் 'பாலியல் தொழிலாளி' என்று எழுதச் சொன்னது. கடத்தலுக்கு எதிரான அமைப்புகள் ஆட்சேபிக்க, நவம்பரில் அதை மாற்றி, கடத்தலில் சிக்கியவர், வற்புறுத்தப்பட்டவர் என்று பிரித்து எழுதச் சொன்னார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. விலை பேச வருகிற ஆளுக்கோ எதிரில் இருப்பவர் எந்த வகை என்று தெரியாது. பெரும்பாலும் அவர் கேட்பதும் இல்லை.

பேச்சுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அவள் சொல்வதை அவன் நம்புவது. மாதவியை இன்றைய சொல்லால் பாலியல் தொழிலாளி என்று அழைத்தால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னுக்கு மாலை வாங்கித்தான் கோவலன் அந்த வீட்டுக்குள் போனான் என்று சிலப்பதிகாரமே சொல்கிறது. பிரிந்த பிறகு மாதவி அனுப்பிய முதல் ஓலையை அவன் வாங்கவே இல்லை. ஆடுகிறவள், அவள் செய்வதெல்லாம் நடிப்பு என்பது அவன் வாதம். காசு கொடுத்தவருக்கு எப்போதும் கையில் இருக்கும் வாதம் இது. சிரிப்பு நடிப்பு, அழுகை நடிப்பு, மறுப்பும் நடிப்பு. இன்றும் 'சும்மா பிகு பண்றா' என்று சொல்கிறவன் கோவலனின் கட்சிதான்.

இரண்டாவது ஓலை மதுரைக்குப் போகும் வழியில் கௌசிகன் கையில் வருகிறது. இந்த முறை கோவலன் படிக்கிறான். குற்றம் அவளுடையதல்ல, தன்னுடையது என்று உணர்கிறான். பிறகு அந்த ஓலையின் சொற்கள் தன் தாய் தந்தையருக்கும் பொருந்துவதாகப் படவே, அதையே அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிக் கௌசிகனை அனுப்பிவிடுகிறான். மாதவிக்கென்று அவன் பதில் ஓலை எதுவும் எழுதவில்லை.