பினாங்கின் இளைஞர் இசையும் தமிழும்

இளைஞர் விரும்பும் இசை என்றாலே முகஞ்சுளிப்பது கற்றோரிடையே ஊறிவிட்ட வழக்கம். நீண்ட தலைமுடியையும் மின்கித்தாரையும் உரத்த ஒலியையும் ஒருசேரக் கண்டு, 'பண்பாட்டுச் சீரழிவு' எனத் தீர்ப்புக் கூறிவிட்டால் திறனாய்வு முடிந்துவிட்டதாகக் கருதுவோர் உளர். உண்மையில் திறனாய்வின் கடமை அங்கேதான் தொடங்குகிறது. அவ்விசையைப் பிறப்பித்த சூழல் யாது? அது எதனை எதிர்த்தது? அதில் தமிழ் பெற்ற இடம் என்ன? பினாங்கை முன்னிறுத்தி இவ்வினாக்களை ஆராய்தல் தகும்.

1963க்குப் பின் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் எழுப்பிய அலை மலாய் மண்ணிலும் மோதியது. 'பாப் யே யே' என்னும் இசைவகை தோன்றிற்று. கித்தார்க் குழுக்கள் ஊர்தோறும் முளைத்தன. பினாங்கிலே பிறந்து மலாய்த் திரையிசையின் முடிசூடா மன்னராக விளங்கிய பி. ரம்லியின் இசைக்குக்கூட அவருடைய இறுதி ஆண்டுகளில் வரவேற்புக் குன்றியது. 1973இல் அவர் மறைந்தபின்னரே நாடு அவர் அருமையை முழுதும் உணர்ந்தது.

இசை மாறிய அக்காலத்தில் வாழ்வும் மாறியது. 1969 மே மாதக் கலவரம் நாட்டையே உலுக்கிற்று. அதே ஆண்டில் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது, வேலையின்மை பெருகிற்று. குடியுரிமை பெறாதோருக்கு வேலை உரிமம் கட்டாயமாகவே, தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. 1971இல் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. 1972இல் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை எழுந்தது. தந்தையின் தொழிலும் பள்ளியின் மொழியும் ஒரே தலைமுறையில் மாறுமாயின், மைந்தனின் பாட்டு மட்டும் மாறாதிருக்குமா?

இச்சூழலில் வளர்ந்ததே 'அலிகேட்ஸ்' குழு. லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்னும் பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் அதன் உயிர்நாடி. குடைபோல் விரிந்த சுருள்முடி அவர்தம் அடையாளம். 1970களின் இறுதி முதல் அவர்தம் மலாய் இசைத்தட்டுகள் இனவேலி கடந்து ஒலித்தன. சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிரின் இசையமைப்பு அவற்றுட் சிலவற்றுக்கு மெருகூட்டியது. 2007இல் லோகநாதன் மறைந்தபோது நாடே வருந்தியது.

ஆயின் ஒன்றை ஒளிக்காமல் கூறவேண்டும். இக்குழுவின் கலகம் தலைமுடியில் இருந்த அளவுக்குப் பாட்டின் பொருளில் இருந்ததில்லை. புகழ்பெற்ற பாடல்கள் பெரும்பாலும் காதலையும் பிரிவையும் பாடின. வேலையற்ற இளைஞனையோ கப்பலேறிய தந்தையையோ பாடவில்லை. எனினும், மலாய்ப்பாட்டைத் தமிழ்ப்பெயர் தாங்கியோர் பாடி மலாய்க்காரர் நெஞ்சில் இடம்பெற்றதே, மே கலவரத்தின் நினைவு ஆறாத நாட்டில், சிறிய செயலன்று.

அவர்கள் தமிழில் பாடிப் புகழ்பெறாதது ஏன்? மொழிப்பற்றின்மை என்பது எளிய விடை, பொருந்தாத விடையுங்கூட. அன்று இங்கே தமிழ்ப்பாட்டு என்றால் பெரும்பாலும் தமிழகத் திரைப்பாட்டே. ரெ. சண்முகம் போன்றோர் வானொலிவழி உள்ளூர்ப் பாடல்களை வளர்த்தனர். இருந்தும், திரையைச் சாராத இளைஞர் பாட்டுக்குச் சந்தையும் இல்லை, மேடையும் இல்லை. இடம் தராத மொழியில் இளைஞன் எங்ஙனம் கலகம் செய்வான்?

2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு அந்த இடத்தை உருவாக்கியது. மலேசியத் தமிழிளைஞனின் பேச்சும் சினமும் தமிழிலேயே தாளமேறின, தமிழகமும் செவிசாய்த்தது. அங்கும் வாயில் திறந்தது 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாடலே. இதனைக் குறை என்று தள்ளவேண்டியதில்லை. பழம்பாட்டோடு கலந்து வருவதைப் பண்ணத்தி என்று பெயரிட்டுச் செய்யுளியலில் அமைத்தார் தொல்காப்பியர். மக்கள் நாவில் வழங்கும் பாட்டுக்கு இலக்கணத்தில் இடந்தந்த மரபு நம்முடையது.

ஆசிரியப் பெருமக்கள் அவ்விடத்தை வகுப்பறையிலும் தரவேண்டும். மாணவன் முணுமுணுக்கும் பாட்டை இகழாமல், அதன் சொல்லையும் பொருளையும் அவனோடு சேர்ந்து எடைபோட வேண்டும். நல்லதும் அல்லதும் அவனுக்கே விளங்கும். நாம் செவிசாய்க்க மறுத்தால் அவன் பாடுவதை நிறுத்தமாட்டான். தமிழில் பாடுவதை நிறுத்திவிடுவான்.