கூட்டினால் சுழி

மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள கோலா தெர்லாவில் ஒரு சிறு நீர்மின் நிலையம் உண்டு. கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவர் லிம் கோ தோங். மலைக்குளிரில் உல்லாச விடுதி கட்டும் எண்ணம் அவருக்கு இந்தப் பக்கத்தில்தான் பிறந்தது. 1971இல் கெந்திங் மலையில் அவர் கட்டிய முதல் ஹோட்டல் திறந்தது. மலேசியாவில் சட்ட அனுமதியுள்ள ஒரே கேசினோ அங்கேதான்.

கேசினோ சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில் எனக்குப் பிடித்தது பணமல்ல, கணக்கு. 2 முதல் 6 வரை விழுந்தால் ஒன்று கூட்டு. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என்றால் ஒன்று கழி. 7, 8, 9ஐ விட்டுவிடு. 52 சீட்டும் தீர்ந்தால் விடை சுழி. என்ன நேர்த்தி! எண் ஏறினால் பெரிய சீட்டுகள் இன்னும் கட்டில் இருக்கின்றன, பந்தயத்தை உயர்த்தலாம். பல கட்டுகள் கலந்த ஆட்டத்தில், கைக்கு வந்த எண்ணை மீதமுள்ள கட்டுகளால் வகுக்க வேண்டும். பழகிய கண் சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணாது. ராஜாவும் நாலும் சேர்ந்து விழுந்தால் இரண்டையும் ஒருசேரக் கழித்துக்கட்டிவிடும்.

எட்வர்ட் தார்ப் 1962இல் சீட்டு எண்ணும் வித்தையை நூலாக்கினார். கேசினோக்கள் பின்னாளில், ஆடிய சீட்டுகளை உடனுக்குடன் கலக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தன. அவற்றின் முன் எந்த எண்ணிக்கையும் பலிக்காது. வீட்டு மேசையில் ஒரு கட்டை அரை நிமிடத்தில் எண்ணி முடிக்க அதெல்லாம் தடையா என்ன?